நாலாவது கட்டை

ஜனவரி 7, ஞாயிறு

லோகா வாங்கிக் கொடுத்த டைரி. "வாய்தான் ஓயாம பேசுது, உன் கையும் கொஞ்சம் பேசட்டும்"னு சொல்லிக் கொடுத்தா. யாரோ புது ஆளு படிக்கிற மாதிரி எழுதணுமாம், அப்பதான் நான் ஒழுங்கா எழுதுவேனாம். உத்தரவு.

சரி, புது ஆளே, கேட்டுக்கோ. என் பேரு நவநீதன். லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கிள்ளான் வட்டாரத்துல பாதி கோண்டோ அடுக்குமாடி லிஃப்ட்டுக்கு நான்தான் வைத்தியன். லோகேஸ்வரி என் பொண்டாட்டி. மூக்குக் கண்ணாடிக் கடையில பின்னால உக்காந்து, ஃபிரேம்ல கடுகு சைஸ் ஸ்க்ரூ போடுற வேலை. அவ விரலு அப்படி. எனக்கெல்லாம் அந்த ஸ்க்ரூ கண்ணுக்கே தெரியாது.

ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் மால் மூணாவது மாடி, ஹோ அங்கிளோட ஆர்கேட், காசு போட்டு ஆடுற கேம் கடை. ஒன்பது வருஷம் முன்னாடி நாங்க சண்டை போட்டு அறிமுகமானதே அங்கதான், யாரு முதல்ல வரிசையில நின்னதுன்னு. அங்க ஒரு மியூசிக் மெஷின் இருக்கு. ஏழு கட்டை, பியானோ மாதிரி நாலு வெள்ளை, மூணு கறுப்பு. இடது பக்கம் ஒரு சுத்துற தட்டு. திரையில மேலேர்ந்து கோடு கோடா விழும். எந்தக் கட்டைக்கு நேரா விழுதோ அதை, கீழ சிவப்புக் கோட்டைத் தொடுற அதே நொடியில அடிக்கணும். பாட்டு முடியும்போது எண்பது சதவீதம் இருந்தா பாஸ். ரொம்ப விட்டுக்கிட்டே போனா மெஷினே பாட்டைப் பாதியில நிறுத்திடும். இவ்வளவுதான். சின்னப் புள்ளை விளையாட்டுன்னு நினைச்சா ஒரு தடவை வந்து நின்னு பாரு, முழி பிதுங்கிடும்.

லோகாவுக்கு இன்னும் பாஸ் ஆகாத பாட்டு ஒண்ணே ஒண்ணுதான். பேரு ஜப்பான் எழுத்துல இருக்கு, படிக்கத் தெரியாது. தடதடன்னு வர்றதால 'ரயில்'னு வச்சுட்டோம். கடைசி நாற்பது வினாடி வலது கைக்கு மூச்சு விட நேரம் இருக்காது. இன்னைக்கு எழுபத்தி நாலு வந்தா. ஏப்ரல்ல ரெண்டு பேரும் ஜப்பான் போறோம், லீவு எழுதிக் கொடுத்தாச்சு. அதுக்குள்ள ரயிலை முடிச்சே தீருவேன்னு நிக்கிறா. முடிப்பா.

ஜனவரி 16, செவ்வாய்

நேத்து பொங்கல், இன்னைக்கு வேலை. பதினாலாவது மாடியில லிஃப்ட் கதவு மூட மாட்டேங்குது. புதுப் பையன் ஒருத்தன் மூணு நாளா சென்சாரை மாத்து, போர்டை மாத்துன்னு குழம்பிட்டு இருந்தான். நான் போய் இடது சென்சாரைக் கழட்டி வலதுல போட்டேன், வலதை இடதுல. கோளாறு சென்சார் கூடவே இடம் மாறினா சென்சார் கெட்டுப்போச்சு. மாறாம அதே பக்கம் நின்னா, சென்சார் நல்லாத்தான் இருக்கு, பின்னால வயர்ல கோளாறு. நின்னுச்சு. வயர். இருபது நிமிசம்.

ராத்திரி சாப்பிடும்போது லோகாகிட்ட இதைச் சொல்லி அலட்டிக்கிட்டேன். "இடம் மாத்தினாலும் அதே பக்கம் நின்னா வயர்"னு திருப்பிச் சொன்னா. "டீச்சர், எனக்கும் வேலை இருக்கா?"ன்னு கிண்டல் வேற.

பிப்ரவரி 4, ஞாயிறு

அறுபத்தி ஒண்ணு. போன வாரம் அறுபத்தெட்டு. ஏறணும்னு போறவ இறங்கிட்டு இருக்கா. வலது கை பின்தங்குது. ஆறாவது, ஏழாவது கட்டையில அடி விழுது, ஆனா ஒரு இழை தாமதமா விழுது.

"கட்டையில ஸ்பிரிங் போயிருக்கும்"னு ஹோ அங்கிளைக் கூப்பிட்டேன். அவரு பாவம், பசியாற வச்சிருந்த ரொட்டியை வச்சுட்டு வந்து மெஷினைத் திறந்து ரெண்டு ஸ்பிரிங்கையும் மாத்திக் கொடுத்தாரு. நான் அடிச்சுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருக்கு. லோகா அடிச்சா, ஐம்பத்தி ஒன்பது.

கார்ல வரும்போது ரேடியோவை அணைச்சுட்டா. மடியில வலது கையை வச்சு இடது கையால ஒவ்வொரு விரலா நீவிக்கிட்டு வந்தா. தோத்தா அவளுக்குக் கோவம் வரும், தெரிஞ்சதுதானே.

பிப்ரவரி 13, செவ்வாய்

மத்தியானம் லோகா கடைக்கு போன் அடிச்சேன். பாதி நாள் லீவு போட்டுப் போயிட்டாளாம். என்கிட்ட சொல்லவே இல்ல. சாயங்காலம் கேட்டா, "பல் டாக்டர்"ங்கிறா. பல் வலின்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவா? முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு கோழிக்கறி முழுசையும் நானே தின்னேன்.

மார்ச் 3, ஞாயிறு

கண்டுபிடிச்சுட்டேன்!

ரொம்ப நாள் ஒரே பாட்டை அடிச்சா கை கெட்டுப்போகும். இந்த மெஷின்ல ஊறின ஆளுங்களுக்கு இது தெரியும். ஒரு தடவை தப்பா அடிச்ச இடத்துல விரலு அந்தத் தப்பையே பாடம் பண்ணிக்கும். அப்புறம் எத்தனை தடவை அடிச்சாலும் அதே இடத்துல அதே மாதிரி சறுக்கும். 'கைப்பழக்கம்'னு சொல்லுவோம். இதுக்கு மருந்து மிரர்.

மிரர்னா, கோடு விழுறதைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி அப்படியே திருப்பிப் போடுற வசதி. ஒண்ணாவது கட்டைக்கு வர்றது ஏழுக்குப் போகும், ஏழு ஒண்ணுக்கு வரும், ரெண்டு ஆறுக்கு, மூணு அஞ்சுக்கு. நடுவுல நாலு மட்டும் நாலாவே நிக்கும். தட்டும் நகராது. அதே பாட்டு, அதே தாளம், ஆனா விரலுக்குப் புதுசு. பழைய தப்பு மறந்துபோகும். கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பி வந்தா கை சுத்தமாயிருக்கும்.

இதை லோகாகிட்ட விளக்கினேன். கையைக் கட்டிக்கிட்டு நல்ல புள்ளையா கேட்டா. "மிரரா? அது போட்டா சரியாயிடுமா, நவா?"

"என்ன லா இப்படிக் கேட்கிற? நான் சொல்றேன்ல. வெறும் கைப்பழக்கம். போட்டுப் பாரு."

போட்டா. எழுபத்தி ஏழு! முதல் தடவையிலேயே! சாதாரணமா மிரர்ல முதல் தடவை நின்னா ஆளு தடுமாறிப் போகும். இவ ஏதோ பல நாள் பழகின மாதிரி அடிக்கிறா. ரயிலோட கனமான பக்கம் இப்ப இடது கைக்கு வந்துடுச்சு, போதாததுக்குத் தட்டும் அதே கை. அப்பவும் எழுபத்தி ஏழு. ஹோ அங்கிள் கை தட்டினாரு. நான் அவளைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினேன், அங்க இருந்த சீனப் புள்ளைங்க எல்லாம் சிரிச்சுதுங்க. லோகா என் சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

ஜப்பானுக்குள்ள பாஸ். எழுதி வச்சுக்கோ.

மார்ச் 10, ஞாயிறு

மிரர்ல எழுபத்தி ஆறு. இடது கை பிரமாதம். சொன்னா நம்ப மாட்டே, இப்ப தப்பு விழுறது சுலபமான பக்கத்துல. வலதுல இப்ப வர்றது என்ன, ஆற அமர வர்ற மூணு நாலு கோடு. அதைப் போய் விடுறா. "கஷ்டமானதை அடிச்சுட்டு சும்மா வர்றதை விடுறியே, கவனம் எங்க இருக்கு?"ன்னு கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன்.

"இருக்கேன் நவா, இங்கதான் இருக்கேன்"னா.

மார்ச் 19, செவ்வாய்

லோகாவைப் பின் மேசையிலேர்ந்து முன் கவுன்டருக்கு மாத்திட்டாங்களாம். ஸ்க்ரூ வேலையை வேற பொண்ணுக்குக் கொடுத்தாச்சு. பத்து வருஷம் உழைச்சவளை இப்படியா? அந்த முதலாளிக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கிறேன்னேன். "வேணாம், நானேதான் கேட்டு மாத்திக்கிட்டேன், கழுத்து வலி"ங்கிறா. கழுத்து வலியாம். முதலாளிக்கு வக்காலத்து வாங்குறா.

மார்ச் 31, ஞாயிறு

மெஷினுக்குப் போகல. துணி துவைச்சேன், ஏர்கான் ஃபில்டர் கழுவினேன். லோகா கிளாஸ் ஒண்ணு போட்டு உடைச்சா, இந்த மாசத்துல மூணாவது. இனிமே பிளாஸ்டிக்தான்னு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. இப்பல்லாம் சோத்துக்குக் கரண்டி எடுத்துக்கிறா. ஜப்பான் போறவங்க கையால சாப்பிடக் கூடாதாம், பழகிக்கிறாளாம்.

ஏப்ரல் 22, திங்கள், டோக்கியோ

ஏழு மாடி கட்டடம், ஏழு மாடியும் ஆர்கேட்! நம்ம மெஷின் மட்டும் ஒரே வரிசையில பன்னெண்டு! நான் சின்னப் புள்ளையா மாறிட்டேன். மூணு மணி நேரம் அடிச்சேன். லோகா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. "நீயும் வா லா"ன்னா, "நீ அடி, நான் பார்க்கிறேன். இதுக்குத்தானே வந்தேன்"கிறா.

ஏப்ரல் 26, வெள்ளி, டோக்கியோ

கடைசி நாள். லோகா ஒரே ஒரு தடவை ரயில் அடிச்சா, மிரர்ல. நாற்பத்தி ரெண்டு.  ஊர் சுத்தின அலுப்பு.

விமான நிலையத்துல உக்காந்து அழுதா. லீவு முடிஞ்சா எனக்கும்தான் அழுகை வருது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

மே 7, செவ்வாய்

கடையில விழுந்துட்டா. வலிப்பு. எனக்குப் போன் வந்தப்ப நான் லிஃப்ட் கூண்டு மேல நின்னுட்டு இருந்தேன்.

மே 9, வியாழன்

இடது மூளையில கட்டி. எலுமிச்சம்பழ அளவு.

டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா, பொறுமையா பேசுறாங்க. இடது மூளைதான் வலது கையை நடத்துதாம். "கையில எப்பலேர்ந்து இப்படி?"ன்னு கேட்டாங்க. ஜனவரின்னு சொன்னேன். அப்புறம் பிப்ரவரின்னு சொன்னேன். "ஏன் கூட்டிட்டு வரல?"ன்னு கேட்டாங்க.

"கைப்பழக்கம்னு நினைச்சேன்."

"எந்தப் பழக்கம்?"

நான் மெஷினைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். ஏழு கட்டை, தட்டு, மிரர். மேசை மேல விரலை வச்சுக் காட்டினேன், ஒண்ணு ஏழுக்குப் போகும்னு. அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தாங்க. பாதியில நிறுத்திட்டேன்.

முன்னாடியே வந்திருந்தா நல்லாயிருக்குமான்னு கேட்டேன். "சின்னதா இருந்திருக்கும். இந்த வகை எப்படியும் திரும்ப வளரும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது"ன்னாங்க.

மே 10, வெள்ளி

மிரர் போட்டப்பவும் தப்பு வலது பக்கமே நின்னுச்சு. நானே எழுதியிருக்கேன், மார்ச் பத்து. கோட்டை எல்லாம் இடம் மாத்தியாச்சு, கோளாறு நகரல. இடம் மாத்தினாலும் அதே பக்கம் நின்னா வயர். பதினேழு வருஷமா சோறு போடுற பாடம். வேலைக்கு வந்து ஒரு மாசமான பையனுக்குக்கூடத் தெரியும்.

நான் என்ன பண்ணேன்? கவனம் இல்லன்னு சத்தம் போட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஆபரேஷன். காலை எட்டுலேர்ந்து மூணு மணி வரைக்கும். முக்கால்வாசி எடுத்தாச்சாம். மிச்சம் எடுத்தா பேச்சு மொத்தமா போயிடும்னு விட்டுட்டாங்க.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்துட்டா. வலது கை தூக்க வரல. கால் கொஞ்சம் இழுக்குது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையா வருது, நடுவுல இடைவெளி. அவளுக்குப் புரியாம இல்ல, எல்லாம் புரியுது. வார்த்தைதான் உள்ள எங்கேயோ மாட்டிக்குது.

ஈப்போவுலேர்ந்து அத்தை, லோகாவோட அம்மா, வந்துட்டாங்க. "மாப்பிள்ளை, நீங்க வேலைக்குப் போங்க, நான் பார்த்துக்கிறேன்"னாங்க. போகல. தலை சீவி விடக் கத்துக்கிட்டேன். முன்பக்கம் சிரைச்ச இடத்துல முள்ளு முள்ளா முடி வருது. பட்டன் வச்ச சட்டை எல்லாம் மூட்டை கட்டியாச்சு.

ஜூலை 14, ஞாயிறு

இன்னைக்கு அவகிட்ட சொல்லிட்டேன். அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்து, காலடியில உக்காந்து, என்னாலதான் லோகா, நான்தான் உன்னை ரெண்டு மாசம் மிரர் மிரர்னு சொல்லி நிறுத்தி வச்சேன், என்னை மன்னிச்சுடுன்னு அழுதேன். ஒரு ஆம்பளை இப்படி அழுவான்னு நானே நினைச்சதில்ல.

அவ இடது கையால என் தலையைப் பிடிச்சு இப்படி அப்படி ஆட்டினா, இல்ல இல்லன்னு. ஏதோ சொல்ல வந்தா. வார்த்தை வரல. அவளுக்கே கோவம் வந்து சோஃபாவைக் குத்தினா.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில லோகாவோட போனை என் கையில கொடுத்து, "பாரு... பாரு"ன்னா. எதைப் பார்க்கணும்னு சொல்ல வரல. போட்டோவைத் திறந்தேன், இல்லன்னு தலையை ஆட்டினா. மெசேஜ், அதுவும் இல்ல. ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டே வந்தேன். மெஷினோட பக்கத்தைத் திறந்ததும் கையைப் பிடிச்சு நிறுத்தினா.

ஆர்கேட்ல நம்ம அட்டையைப் போட்டு ஆடுற ஒவ்வொரு ஆட்டமும் அந்தப் பக்கத்துல ஏறிடும். எந்தப் பாட்டு, எந்த நாள், எத்தனை மணி, மிரர் போட்டதா இல்லையா, எல்லாம். என்னோடதை நான் தினம் பார்ப்பேன். அவளோடதை இதுவரை பார்த்ததில்ல.

கீழ தள்ளிக்கிட்டே போனேன். மே, ஏப்ரல், மார்ச். மார்ச் மூணு, ரயில், மிரர், எழுபத்தி ஏழு. நான் அவளைத் தூக்கிச் சுத்தின நாள். அவ இன்னும் தள்ளுன்னு காட்டினா.

பிப்ரவரி பதிமூணு, செவ்வாய். மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து மூணரை வரைக்கும். ரயில். மிரர் இல்ல. ரயில், மிரர். ரயில், மிரர் இல்ல. ரயில், மிரர். இப்படியே மாத்தி மாத்தி எட்டு ஆட்டம்.

பல் டாக்டர்னு சொன்ன நாள்.

அந்த எட்டு வரியையும் திரும்ப ஒரு தடவை படிச்சேன். அப்புறம் புரிஞ்சுது. நான் சாப்பாட்டு மேசையில அலட்டிக்கிட்ட பாடம். இவ தனியா போய் நின்னு, இடம் மாத்தி இடம் மாத்திப் பார்த்திருக்கா. கோளாறு கோட்டோட போகுதா, கையோட நிக்குதான்னு. நான் மூணு வாரம் கழிச்சு வந்து மிரர்னா என்னன்னு அவளுக்கு விளக்கினேன். அவ கையைக் கட்டிக்கிட்டு, அப்படியா, சரியாயிடுமான்னு கேட்டா.

"உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"தெரியும்."

"பிப்ரவரியிலேயே?"

தலையாட்டினா.

கோவம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு கோவம். போனைத் தூக்கி மெத்தை மேல எறிஞ்சேன். "ஏன் லா சொல்லல? என்னைக் கேணையன் ஆக்கிட்டியே! அப்பவே போயிருந்தா சின்னதா இருந்திருக்கும்னு அந்த அம்மா சொன்னாங்கடி!" அத்தை சமையக்கட்டுலேர்ந்து ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

லோகா அழல. வார்த்தையைத் தேடினா. நெத்தியில வேர்வை.

"பயம்"னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பா"ன்னா.

அவ அப்பா இதே மாதிரி தலையில வந்துதான் போனாரு. அவளுக்கு அப்ப பதினஞ்சு வயசு. எட்டு மாசம் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதினவ. இது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கா. அப்பக்கூட எனக்கு உரைக்கல.

"ஜப்பான்"னா. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, ஒவ்வொண்ணா: "நீ... மிரர்... சொன்னப்ப... சந்தோசமா... இருந்த." என் காலரைத் தொட்டா. "நம்பணும்... போல... இருந்துச்சு."

நான் அவ மடியில தலையை வச்சேன். நான் குத்தவாளி இல்லன்னு காட்டத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டுக் காட்டினா. எனக்கு அந்தச் சுமை இறங்கல. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு ஏறிடுச்சு. அன்னைக்கு எட்டு ஆட்டம் முடிச்சுட்டு, தெரிஞ்சுக்கிட்டு, தனியா பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கா. வந்தவகிட்ட நான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கோழிக்கறி தின்னேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

போகணும்னு அவதான் சொன்னா. "ரயில்." அத்தை வேண்டவே வேண்டாம்னாங்க. சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போனேன். ஹோ அங்கிள் ஓடி வந்தாரு, மெஷின் மேல இருந்த தூசியைத் துடைச்சாரு. பார் ஸ்டூல் ஒண்ணு எங்கேர்ந்தோ கொண்டு வந்து போட்டாரு.

ரெண்டு பேரு சேர்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் அடிச்சா எங்க கூட்டத்துல அதைக் கணக்குல எடுக்க மாட்டோம். ஏமாத்து வேலை. "ஏமாத்து"ன்னு அவளே சொல்லிச் சிரிச்சா. அவ அட்டையைத்தான் போட்டோம். அவ இடது பக்கம், தட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் அவ வலது தோளோட ஒட்டி நின்னு அஞ்சு, ஆறு, ஏழு. அவளோட வலது கையா நான் நின்னேன்.

மிரர் வேணாம்னு நினைச்சு விட்டேன், கனமான பக்கம் எனக்கு வரட்டுமேன்னு. அவ என் கையைத் தட்டிவிட்டு மிரரைப் போட்டா. "எனக்கு"ன்னா.

அந்த இடது கையை நீ பார்த்திருக்கணும். சுண்டு விரல் தட்டுல, மிச்ச விரல் கட்டையில. கடைசி நாற்பது வினாடி அவ மூச்சே விடல. நான் எனக்கு வந்த நாலு கோட்டையும் ஒழுங்கா அடிச்சேன், ஒண்ணுகூட விடல. அந்தச் சுலபமான பக்கத்துக்குத்தான் அன்னைக்கு அவளைத் திட்டினேன்.

எழுபத்தி எட்டு. ரெண்டு குறைஞ்சுபோச்சு.

எங்க போச்சுன்னு திரையைப் பார்த்தா, மொத்தமும் நாலாவது கட்டையில. நடுக்கட்டை. மிரர் போட்டாலும் போடாட்டியும் நகராத கட்டை. அதை அவ அடிப்பான்னு நான் விட்டேன், நான் அடிப்பேன்னு அவ விட்டா. பாட்டு முழுக்க யாருமே தொடல! முதல்ல அவதான் சிரிச்சா. எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. ஹோ அங்கிளுக்கு ஒண்ணும் புரியல, அவரும் சிரிச்சாரு.

கார்ல ஏத்தும்போது, "நாலு... என்னோடது"ன்னா. "அடுத்த... தடவை."

"சரி. நாலு உன்னோடது. நான் தொட மாட்டேன்"னு சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போக முடியல. ரெண்டு நாளா எதையும் முழுங்க மாட்டேங்குறா. திரும்ப வளருதாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தூக்கம். விரலை என் உள்ளங்கையில வச்சுக்கிட்டேன், இடது கை விரல். லேசா ஆடுச்சு. தாளமா, வெறும் துடிப்பான்னு தெரியல. நான் தாளம்னு வச்சுக்கிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கஞ்சி வச்சேன், ரெண்டு ஸ்பூன் குடிச்சா. ஏர்கான் ஃபில்டர் கழுவினேன்.

அக்டோபர் 2, புதன்

லோகா போயிட்டா. காலையில பத்து இருபதுக்கு.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு வீட்டுல விளக்கு ஏத்தல. அத்தை முந்தாநாள் ஈப்போவுக்குப் போனாங்க. போகும்போது, "மாப்பிள்ளை, அவ உங்ககூட நல்லாத்தான் வாழ்ந்தா, அதை மனசுல வைங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பஸ் போற வரைக்கும் நின்னேன்.

இன்னைக்கு ஞாயிறுங்கிறதால காலு தானா மாலுக்குப் போயிடுச்சு. ஹோ அங்கிள் என்னைப் பார்த்ததும் அந்த பார் ஸ்டூலை எடுத்துட்டு வந்தாரு. பாதி வழியில நின்னுட்டாரு. அப்புறம் அதை இடது பக்கம் வச்சுட்டுக் கவுன்டருக்குப் போனாரு.

அவ அட்டையைப் போட்டேன். ரயில். மிரர். ஸ்டூலுக்குப் பக்கத்துல, வலது பக்கமா ஒதுங்கி நின்னேன், அன்னைக்கு நின்ன அதே இடம். அஞ்சு, ஆறு, ஏழு. எனக்கு வந்த கோடெல்லாம் அடிச்சேன். இடது பக்கம் கோடு வந்து வந்து விழுது, சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கீழ போகுது. தட்டு சுத்தாம நிக்குது.

நாலாவது கட்டையில ஒண்ணு வந்துச்சு. என் கட்டைவிரலுக்கு நேர் கீழதான் இருந்துச்சு. அது அவளோடது. நான் தொடல.

அரை நிமிசத்துல மெஷின் பாட்டை நிறுத்திடுச்சு.